இரண்டு சூரியன்களுக்கு ஒரு பஞ்சாங்கம்

சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தின் தலைவர் கேப்டன் வில்லியம் ஸ்டீஃபன் ஜேக்கப், 1855-இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் மாத இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒபியூக்கஸ் மண்டலத்தில் 70 என்று எண்ணிட்ட இரட்டை விண்மீனைப் பற்றியது அது. ஒன்றையொன்று சுற்றிவரும் அந்த இரண்டும் கணக்குக் காட்டிய தடத்தில் சரியாகப் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அங்கே இருந்துகொண்டு இழுக்கிறது, அதனால்தான் இந்தப் பிசகு என்று ஜேக்கப் கருதினார். சூரியக் குடும்பத்துக்கு அப்பால் ஒரு கோள் உண்டு என்று அளவீடுகளை வைத்து வாதிட்ட மிகப் பழைய முயற்சிகளில் இது ஒன்று. இரண்டு சூரியன்கள் உள்ள ஓர் உலகத்தைச் சென்னையில் இருந்த ஒருவர் எண்ணிப் பார்த்தார், லண்டன் அதை அச்சிட்டது.

அந்தக் கோள் உண்மையில் இல்லை. ஆனால் அது இல்லை என்று தெரியவந்த விதம்தான் இரட்டைச் சூரிய உலகத்தைக் கற்பனை செய்ய விரும்பும் எவருக்கும் முதல் பாடம். 1890-களில் அமெரிக்க வானியலாளர் டி. ஜே. ஜே. சீ அதே விண்மீனை எடுத்துக்கொண்டு, அங்கே 36 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் ஒரு கரிய பொருள் இருப்பதாக அறிவித்தார். 1899-இல் ஃபாரஸ்ட் ரே மோல்ட்டன் என்ற இளம் கணிதர், அப்படி ஓர் அமைப்பு நிலைத்திருக்கவே முடியாது என்று காட்டினார். அதன் சாரத்தை நாமே போட்டுப் பார்க்கலாம். சூரியனைவிடச் சற்று நிறை குறைந்த விண்மீனை 36 ஆண்டில் ஒருமுறை சுற்றும் பொருள், அதிலிருந்து சுமார் 10 வானியல் அலகு தொலைவில் இருக்க வேண்டும். (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் ஒரு வானியல் அலகு.) 70 ஒபியூக்கியின் இரண்டு விண்மீன்களும் 88 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று நெருங்கும்போது அவற்றுக்கு இடையே இருப்பதோ 12 அலகுக்கும் குறைவு. இரண்டாவது விண்மீன் வந்து கிட்டத்தட்ட அந்தப் பொருளின் பாதையிலேயே நிற்கும். ஒரு சில சுற்றுக்குள் அது வெளியே வீசப்பட்டிருக்கும், அல்லது விண்மீன் ஒன்றில் விழுந்திருக்கும்.

சீ விண்மீனைப் பார்த்தார். மோல்ட்டன் காலத்தைப் பார்த்தார். இல்லாத ஓர் அமைப்பை வடிவமைக்கும் எழுத்தாளர்கள் பெரும்பாலும் சீயின் பக்கம்தான் நிற்கிறார்கள். அவர்கள் ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறார்கள். 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் டாட்டூயின் கோளில் இரண்டு சூரியன்கள் சேர்ந்து மறையும் காட்சி உலகம் முழுதும் மனதில் பதிந்துவிட்டது. லண்டனுக்கு வடக்கே எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் அரங்குகள் போட்டு, துனிசியப் பாலைவனத்தில் வெளிப்புறக் காட்சிகள் எடுத்த படம் அது. காட்சி அழகானதுதான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாவலையோ தொடரையோ கட்ட முடியாது. அந்தக் கோளில் ஒரு வருடம் என்பது எத்தனை நாள், கோடை எப்போது வரும், இரவு எப்போது இருட்டும், ஒரு மனிதர் தம் வாழ்நாளில் எத்தனை சுற்றைப் பார்ப்பார் என்ற கேள்விகளுக்கு முதலில் விடை வேண்டும். இரட்டைச் சூரிய உலகத்தைப் படைப்பது என்றால் அதற்கு ஒரு பஞ்சாங்கம் கணிப்பது என்றே நான் நினைக்கிறேன். வானத்தின் நிறம் அதற்குப் பிறகு தானாக வரும்.

இந்தப் பஞ்சாங்கத்துக்கு வேண்டிய எண்களை முதலில் திரட்டிய நகரங்களில் லண்டனுக்குப் பெரிய இடம் உண்டு. வானத்தில் இத்தனை விண்மீன்கள் ஒட்டி ஒட்டித் தெரிவது தற்செயலாக இருக்க முடியாது என்று ஜான் மிச்செல் 1767-இல் நிகழ்தகவுக் கணக்கால் ராயல் கழகத்துக்கு எழுதினார். வில்லியம் ஹெர்ஷல் 1803-இல் அதே கழகத்தின் முன், கால் நூற்றாண்டு அளவீடுகளை வைத்து, காஸ்டர் போன்ற இணைகள் உண்மையாகவே ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று காட்டினார். காஸ்டர் நம் புனர்பூச நட்சத்திரத்தைச் சேர்ந்தது. நியூட்டனின் ஈர்ப்பு சூரியக் குடும்பத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சி அது. 1821 முதல் 1823 வரை ஹெர்ஷலின் மகன் ஜானும் ஜேம்ஸ் சவுத்தும் லண்டன் சதக்கில், பிளாக்மன் தெருவில் இருந்த சவுத்தின் வீட்டு வானாய்வகத்தில் உட்கார்ந்து 380 இணைகளை அளந்தார்கள். புகைக்கூண்டுகள் நிறைந்த ஊரின் நடுவே இப்படி ஒரு வேலை நடந்தது என்பதே இன்று வியப்பாக இருக்கிறது. கிரீனிச்சில் 1893-இல் நிறுவிய 28 அங்குல தொலைநோக்கி பல பத்தாண்டுகள் இரட்டை விண்மீன்களை அளக்கவே பெரிதும் பயன்பட்டது. கிரீனிச் குன்றில் ஏறிப் போகும் எவரும் அதை இன்றும் பார்க்கலாம்.

நமக்கு மிக அருகில் உள்ள இணையை மட்டும் லண்டனால் ஒருநாளும் பார்க்க முடியாது. ஆல்ஃபா சென்டாரி அந்த ஊருக்கு அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. அது இரட்டை என்பதை 1689 டிசம்பரில் புதுச்சேரியில் இருந்து ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ஏசு சபைப் பாதிரியார் ழான் ரிஷோ கண்டறிந்தார். வைகாசி முன்னிரவில் தமிழ்நாட்டுக் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால் அடிவானத்தை ஒட்டி அது ஒளிரும். இந்தக் கட்டுரையின் கடைசியில் அந்த இணைக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.

இரு விண்மீன்களும் கோளும் ஒன்றாக இருக்க இரண்டு ஏற்பாடுகள்தான் நெடுங்காலம் தாங்கும். ஒன்று, விண்மீன்கள் இரண்டும் நெருங்கிச் சுற்றிக்கொண்டிருக்க, கோள் வெகு தொலைவில் இரண்டையும் சேர்த்துச் சுற்றுவது. மற்றது, விண்மீன்கள் விலகி இருக்க, கோள் ஒன்றை மட்டும் ஒட்டிச் சுற்றுவது. இடையில் எட்டு வடிவத்தில் வளைந்து இரண்டுக்கும் மாறி மாறிப் போகும் கோளை ஓவியர்கள் ஆசையாக வரைவதுண்டு. அது நிலைக்காது. 1999-இல் மேத்யூ ஹோல்மனும் பால் வீகர்ட்டும் ஆயிரக்கணக்கான கணினிச் சோதனைகள் நடத்தி எல்லைகளை வகுத்தார்கள். முதல் ஏற்பாட்டில், விண்மீன்களின் இடைவெளியைப் போல் இரண்டு முதல் நான்கு மடங்குக்கு அப்பால்தான் கோள் பிழைக்கும். இரண்டாவதில், சம நிறையுள்ள விண்மீன்கள் வட்டப் பாதையில் சுற்றினால் இடைவெளியில் சுமார் நாலில் ஒரு பங்குக்குள் கோள் இருக்க வேண்டும். பாதை நீள்வட்டமாக நீள நீள அந்தப் பங்கு சுருங்கும். 70 ஒபியூக்கி போன்ற நீள்வட்டத்தில் அது எட்டில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். சீயின் கரும்பொருள் இருந்த இடம் அதற்கு மூன்று மடங்குக்கும் மேல் வெளியே. எழுத்தாளர் ஒருவர் வேறெந்தச் சூத்திரத்தையும் படிக்காவிட்டாலும் இந்த இரண்டு விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு தம் அமைப்பைச் சோதித்துவிடலாம்.

முதல் ஏற்பாட்டுக்கு 2011 செப்டம்பரில் அறிவித்த கெப்ளர்-16 பி நல்ல மாதிரி. சூரியனின் நிறையில் 69 விழுக்காடு உள்ள ஓர் ஆரஞ்சு விண்மீனும், 20 விழுக்காடு உள்ள ஒரு சிவப்பு விண்மீனும் 41 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. சனியை ஒத்த ஒரு கோள் 229 நாளில் இரண்டையும் சேர்த்துச் சுற்றுகிறது. செய்தித்தாள்கள் எல்லாம் டாட்டூயின் கிடைத்துவிட்டது என்று எழுதின. ஆனால் அங்கே நின்று பார்த்தால் சிறிய சூரியன் பெரியதன் வெளிச்சத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே தரும். இரண்டும் மாலை வானில் 18 பாகை வரை விலகும், பிறகு நெருங்கும், ஒன்றை ஒன்று மறைக்கும். அதாவது அங்கே 41 நாள் என்பது வானத்தைப் பார்த்தே எண்ணக்கூடிய ஒரு மாதம். நிலவே தேவையில்லாத மாதம்! இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்ட கதையை நான் இதுவரை படித்ததில்லை.

இப்படிப்பட்ட கோள்கள் பெரும்பாலும் ஆபத்து எல்லைக்குச் சற்றே வெளியே கூடியிருப்பது கெப்ளர் தொலைநோக்கி தந்த வியப்பு. அதை முன்கூட்டியே ஓரளவு சொன்னவர்களில் லண்டன் மைல் எண்டில் உள்ள குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் நெல்சனும் அவருடன் பணியாற்றிய ஆர்னோ பியரன்ஸும் அடக்கம். இரு விண்மீன்களைச் சுற்றிப் பிறக்கும் வாயுத்தட்டின் நடுவே அவற்றின் ஈர்ப்பு ஒரு வெற்றிடத்தைக் குடையும். தொலைவில் பிறந்து உள்நோக்கி நகரும் கோள் அந்த வெற்றிடத்தின் விளிம்பில் வந்து நின்றுவிடும் என்று 2008 வாக்கில் அவர்களுடைய கணினி மாதிரிகள் காட்டின. கதைக்கு இது ஒரு கொடை. கோள் அங்கே பிறக்கவில்லை, வந்து குடியேறியது. நீரும் பனியும் மிகுந்த தொலைதூரத்திலிருந்து அது சுமந்து வந்தவை அதன் கடல்களாக இருக்கலாம். இன்னொரு குறிப்பும் பயன்படும்: ஏழு நாளுக்கும் குறைந்த காலத்தில் சுற்றும் மிக நெருக்கமான இணைகளுக்குக் கெப்ளர் கோள் எதையும் காட்டவில்லை. மூன்றாவது விண்மீன் ஒன்று தள்ளித்தான் அவை அவ்வளவு நெருங்கின என்றும், அந்த அமளியில் கோள்கள் தப்பவில்லை என்றும் ஒரு விளக்கம் உண்டு. அல்கோல் போல மூன்று நாளுக்குள் ஒன்றையொன்று மறைக்கும் இணையைக் கதைக்கு எடுப்பவர் இதை மனதில் கொள்ள வேண்டும்.

விண்மீன்களுக்கும் வயது உண்டு என்பதைப் பலர் மறக்கிறார்கள். நீலநிறப் பெருவிண்மீன் பார்க்க அழகு. ஆனால் அது சில கோடி ஆண்டுகளிலேயே எரிந்து தீர்ந்துவிடும், உயிர் தோன்றக் காலம் போதாது. எரிந்து முடிந்த வெண்குறுமீன் ஒன்றைத் துணையாக வைப்பவருக்கு வேறொரு கணக்கு வரும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1935 ஜனவரி 11 அன்று லண்டன் பர்லிங்டன் மாளிகையில், ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் எடுத்துவைத்து, ஆர்தர் எடிங்டனின் எதிர்ப்பைச் சந்தித்த அதே வரம்பு அது. சூரியனைப் போல் 1.4 மடங்கு நிறையைத் தாண்டி வெண்குறுமீன் நிலைக்காது. இணை விண்மீனிலிருந்து பொருளை உறிஞ்சி உறிஞ்சி அந்த வரம்பை நெருங்கினால் முழு அமைப்பும் வெடிப்பில் முடியும். அப்படிப்பட்ட அமைப்பில் பஞ்சாங்கத்துக்குக் கடைசிப் பக்கம் ஒன்று இருக்கிறது.

இவ்வளவு நிபந்தனைகளையும் மதித்து எழுதிய நாவல் உண்டா? உண்டு. பிரையன் ஆல்டிஸ் எழுதி லண்டன் ஜோனத்தன் கேப் பதிப்பகம் 1982, 1983, 1985 ஆண்டுகளில் வெளியிட்ட ஹெலிகோனியா முத்தொகுதி. எனக்குத் தெரிந்தவரை இந்தக் கேள்விக்கு இலக்கியம் கொடுத்த மிகச் சிறந்த விடை அதுதான். ஆல்டிஸ் எழுதத் தொடங்கும் முன் வானியலாளர் இயன் நிக்கல்சன், நிலவியலாளர் பீட்டர் கேட்டர்மோல் ஆகியோரைத் தேடிப் போய்க் கேட்டார். மொழிக்கும் வரலாற்றுக்கும்கூட அறிஞர்களைக் கலந்தார்.

ஹெலிகோனியா என்ற கோள் பாட்டலிக்ஸ் என்ற சூரியனை 480 நாளில் சுற்றுகிறது. அது சிறிய வருடம். பாட்டலிக்ஸ் தன் பங்குக்கு ஃப்ரெய்ர் என்ற பேரொளி விண்மீனை நீள்வட்டத்தில் சுற்றுகிறது. அது பெரிய வருடம், நம் கணக்கில் 2,500 ஆண்டுக்கும் மேல். கணக்கைச் சரிபார்த்தால் மனம் நிறைகிறது. சூரியனை ஒத்த விண்மீனை 480 நாளில் சுற்றும் கோள் 1.2 அலகு தொலைவில் இருக்கும். பூமிக்குக் கிடைப்பதில் 70 விழுக்காடு வெளிச்சம்தான் அங்கே விழும், தனித்து விட்டால் உறைபனி. இனி ஃப்ரெய்ர். அறுபதாயிரம் சூரியன்களின் ஒளியுள்ள ஒரு விண்மீனை 240 அலகில் நிறுத்தினால், நமக்குச் சூரியன் தரும் அளவு வெளிச்சத்தை அது தரும். 720 அலகுக்குப் போனால் அது ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். நெருங்கும்போது கோடை, விலகும்போது நூற்றாண்டுகள் நீளும் குளிர்காலம். கோளின் அச்சுச் சாய்வை மட்டும் நம்பாமல், விண்மீன்களின் தூரமே பருவங்களை உண்டாக்குகிறது.

பெருவிண்மீன் இளையது, உயிர் தோன்றியிருக்காதே என்ற சிக்கலையும் ஆல்டிஸ் விடவில்லை. பாட்டலிக்ஸ் மூத்த விண்மீன், தன் கோள்களோடு தனியாக இருந்து, பின்னாளில்தான் ஃப்ரெய்ரின் பிடியில் சிக்கியது என்று வைத்தார். ஆகவே ஹெலிகோனியாவில் இரண்டு காலத்து உயிர்கள் இருக்கின்றன. குளிருக்கே பழகிய, கொம்புள்ள ஃபாகர்கள் பழைய குடிகள். மனிதர்கள் ஃப்ரெய்ரின் வெப்பத்தில் எழுந்தவர்கள். வசந்தத்தில் மனிதர்கள் பெருகி நகரங்கள் கட்டுகிறார்கள், குளிர்காலத்தில் ஃபாகர்களின் கை மீண்டும் ஓங்குகிறது. ஒரே வைரஸ் பெரிய வருடத்தில் இரண்டு முறை கொள்ளைநோயாக வந்து, ஒருமுறை பிழைத்தவர்களின் உடலை மெலிய வைக்கிறது, இன்னொருமுறை குளிர் தாங்கப் பருக்க வைக்கிறது. அந்த நோயைப் பரப்பும் உண்ணிகள் வாழ்வது ஃபாகர்களின் உடலில். எதிரியை அழித்தால் அடுத்த பருவத்தைக் கடக்க வழியில்லை. கோளின் பாதையிலிருந்து பருவம், பருவத்திலிருந்து நோய், நோயிலிருந்து இரு இனங்களின் உறவு என்று எல்லாம் ஒரே நூலில் கோத்து வருகின்றன. எந்த மன்னனும் தன் அரசு எந்தப் பருவத்தில் பிறந்தது என்பதை அறியாமல் ஆள்கிறான், ஏனென்றால் முந்தைய குளிர்காலத்தை நினைவில் வைத்திருக்க யாரும் உயிரோடு இல்லை. முத்தொகுதியில் வசந்தம், கோடை, குளிர்காலம் மூன்றும் உண்டு, இலையுதிர்காலத்துக்குத் தனி நூல் இல்லை.

குறை சொல்ல வேண்டுமானால், ஒரு விண்மீன் போகிற போக்கில் இன்னொன்றைப் பிடித்துக்கொள்வது எளிதல்ல. மிஞ்சும் ஆற்றலை எடுத்துக்கொண்டு மூன்றாவது பொருள் ஒன்று வெளியேற வேண்டும். அரிதாக நடக்கலாம், அதனால் கதைக்கு அதை மன்னித்துவிடலாம்.

மற்ற புகழ்பெற்ற படைப்புகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஐசக் அசிமோவ் 1941-இல் எழுதிய 'நைட்ஃபால்' கதையில் ஆறு சூரியன்கள் உள்ள கோளில் 2,049 ஆண்டுக்கு ஒருமுறை இருட்டு வருகிறது. பாதைகள் நிலைக்குமா என்று கேட்டால் அது நிற்காது, ஆனால் முதலில் பஞ்சாங்கத்தைக் கணித்துவிட்டு அதிலிருந்து மனிதர்களின் அச்சத்தை எழுதிய கதை என்பதால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. சீன எழுத்தாளர் லியூ சிஷினின் 'மூன்று பொருள் சிக்கல்' நாவல் 2024-இல் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது கதைக்களம் பெரும்பாலும் இங்கிலாந்துக்கு மாறி, லண்டன் தெருக்கள் அதில் நிறைந்தன. மூன்று சூரியன்களிடையே அல்லாடும் கோள் ஒன்று, நாகரிகங்கள் எழுந்து எழுந்து அழிகின்றன. ஆல்ஃபா சென்டாரியை மனதில் வைத்து எழுதியது. நிஜ ஆல்ஃபா சென்டாரியில் அந்த அல்லாட்டம் கிடையாது. ஏ, பி என்ற இரண்டும் ஓர் இணை. மூன்றாவதான பிராக்ஸிமா அவற்றிலிருந்து சுமார் 13,000 அலகு தள்ளி நிதானமாகச் சுற்றுகிறது. அங்கே இருக்கும் ஒழுங்கே கதைக்கு அதிகம் கொடுக்கும் என்பது என் எண்ணம்.

அதைச் செய்து பார்ப்போம். ஏ சூரியனைவிடச் சற்றுப் பெரியது, ஒன்றரை மடங்கு ஒளி. பி சற்றுச் சிறியது, அரை மடங்கு ஒளி. 80 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றும்போது 11 அலகு வரை நெருங்கி, 36 அலகு வரை விலகுகின்றன. ஹோல்மன்–வீகர்ட் எல்லை இங்கே சுமார் மூன்று அலகு. பி-யைச் சுற்றி 0.71 அலகில் ஒரு கோளை வைத்தால் பூமியின் வெளிச்சம் கிடைக்கும், வருடம் சுமார் 229 நாள். ஏ வானத்தில் இரண்டாவது சூரியன். ஆனால் அது தரும் வெப்பம் அருகில் வரும்போதுகூட முதல் சூரியனின் நூற்றில் ஒரு பங்குதான். ஆகவே ஹெலிகோனியாவின் பெருங்கோடை இங்கே வராது. வெளிச்சம் மட்டும் வேறு கதை. நெருங்கியிருக்கும்போது சில ஆயிரம் முழுநிலவுகளுக்கும், விலகியிருக்கும்போது சில நூறு முழுநிலவுகளுக்கும் அது சமம்.

ஆக, அங்கே வருடத்தில் ஏறத்தாழ பாதிக் காலம் ஏ இரவின் பெரும்பகுதியில் வானத்தில் நிற்கும். இருட்டு இருக்காது, நாற்று நடலாம், ஏடு படிக்கலாம். மறு பாதியில் அது பகலில் முதல் சூரியனோடு சேர்ந்து ஏறி இறங்க, இரவு கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து வரும். இரண்டும் நெருங்கித் தெரியும் சில வாரங்கள் மட்டுமே விடிய விடிய முழு இருட்டு, விண்மீன்கள் தெரியும் காலம். வானியல் அந்தச் சில வாரங்களின் கலையாக இருக்கும். நம் பஞ்சாங்கம் சூரியன் ராசிக்குள் புகுவதை மாதப் பிறப்பாகக் கொள்கிறது. அங்கே இரண்டு சூரியன்களுக்கும் தனித்தனி ராசிப் பிரவேசம் உண்டு. முதல் சூரியனின் பிரவேசம் விதைப்புக்கு. இரண்டாவது சூரியன் ஒரு ராசியைக் கடக்க ஆண்டுகள் பிடிக்கும் என்பதால் அதன் பிரவேசம் தலைமுறைகளுக்கு. ஏ ஒரு முழுச் சுற்று வர நம் ஆண்டில் 80, அந்தக் கோளின் ஆண்டில் சுமார் 127. நம் ஊரில் சதாபிஷேகம் காணும் வயது அந்த எண்பது. பேரொளிக் காலத்தில் பிறந்த ஒருவர் மங்கல் காலத்தில் நடுவயதைக் கடந்து, அடுத்த பேரொளியைக் கிழவராகப் பார்ப்பார். வீட்டில் அந்த இரண்டையும் பார்த்தவர் ஒருவராவது இருப்பதே ஒரு குடும்பத்துக்குப் பெருமையாக இருக்கும். ஹெலிகோனியாவில் நினைவுக்கு எட்டாத பெரிய வருடம், இங்கே ஓர் ஆயுளுக்குள் அடங்குகிறது. தமிழில் எழுதும் ஒருவருக்கு இதைவிட இசைவான அமைப்பு கிடைப்பது கடினம்.

இது வெறும் கற்பனையாகவே இருந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. பிராக்ஸிமாவைச் சுற்றும் கோளை 2016-இல் அறிவித்த குழுவுக்குத் தலைமை தாங்கிய கிலெம் அங்லாடா-எஸ்குடே அப்போது குயின் மேரியில்தான் இருந்தார். பி-க்கு ஒரு கோள் கிடைத்ததாக 2012-இல் வந்த செய்தி, 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களின் மறுஆய்வில் கரைந்துபோனது. ஜேக்கப்பின் கோளுக்கு நேர்ந்ததே அதற்கும். 2025 ஆகஸ்டில், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படத்தில் ஏ-க்கு அருகே சனி அளவிலான ஒரு வாயுக்கோளின் சாயல் தெரிந்ததாக அறிவித்தார்கள். இடைவெளி சுமார் இரண்டு அலகு. அடுத்தடுத்த படங்களில் அது தெரியவில்லை. அது உறுதியானால், ஏ-யின் வாழ்தகு வளையத்தில் பூமி போன்ற கோள் நிலைப்பது கடினமாகும். அங்கே கதை எழுத நினைப்பவர் அந்த வாயுக்கோளின் நிலவு ஒன்றுக்குத்தான் இடம் பெயர வேண்டும். பி-யைச் சுற்றிய 229 நாள் வருடத்துக்கு இதுவரை தடை ஏதும் எழவில்லை.